பதினான்காவது வரி

அந்த இல்லத்தில் அவளை நேரில் அக்கா என்று அழைத்தார்கள். முதுகுக்குப் பின்னால் வரிக்குவரி. பட்டப்பெயரை வைத்தவர் மேனேஜர். அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், காஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆள் ரசீதை நீட்டினான். அவள் அதை முன்பக்கம் படித்தாள், பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த நிபந்தனைகளையும் படித்தாள். முடிக்கும்வரை அவன் சிலிண்டரைத் தோளில் வைத்தபடியே நின்றிருந்தான். "வரிக்கு வரி படிக்கிற அம்மா வந்திருக்காங்கப்பா. இனிமே சிலிண்டர இறக்கி வெச்சுட்டு பேப்பர நீட்டு" என்றார் மேனேஜர். அவள் காதிலும் அது விழுந்தது. கோபம் வரவில்லை. படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களைப் பார்த்துத்தான் அவளுக்கு வியப்பு.

அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் பத்திரம் எழுதும் ஒரு கடையில் தட்டச்சு செய்தவள் அவள். சேர்ந்த புதிதில் ஒரு கிரயப் பத்திரத்தில் வடக்கு என்று அடிக்க வேண்டிய இடத்தில் தெற்கு என்று அடித்துவிட்டாள். யாரும் கவனிக்கவில்லை. பதிவாகிவிட்டது. அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரு கிணற்றுக்காக ஆறு வருடம் கோர்ட்டுக்கு நடந்தார்கள். கடைக்காரர் அவளைத் திட்டக்கூட இல்லை, "மனுஷன் செய்யறதுதானேம்மா" என்று விட்டுவிட்டார். அவளால் விட முடியவில்லை. அதிலிருந்துதான் இந்தப் பழக்கம். தாளில் இருப்பதும் தரையில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்கு மேல் அவளுக்குப் பெரிய கொள்கை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. அவளை நல்லவள் என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். கவனமானவள் என்று சொல்வதுதான் சரியாக இருக்கும். இரண்டும் ஒன்றா என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.

அவள் கணவர் பேருந்து நடத்துநர். ஐம்பத்தாறு வயதில் அவருக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்தது. முதலில் ஒரே பயணிக்கு இரண்டு முறை பாக்கிச் சில்லறை கொடுத்தார். பிறகு நிறுத்தங்களின் வரிசை மாறியது. பிறகு ஒருநாள் பணிமனையிலிருந்து வீட்டுக்கு வரும் வழியைக் கேட்டு, தன் பையைக் கழற்றாமல், காவல் நிலையத்தில் உட்கார்ந்திருந்தார். மருத்துவக் காரணம் காட்டி அனுப்பிவிட்டார்கள். வீட்டிலும் அவர் விடியற்காலை நாலரைக்கு எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு கதவருகே நிற்பார், டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று. இரண்டு வருடம் அவளே பார்த்துக்கொண்டாள். அதற்கு மேல் முடியவில்லை. ஞாபகம் தப்பியவர்களுக்காக அரசு மானியத்தில் ஓர் இல்லம் நடக்கிறது என்று யாரோ சொன்னார்கள். போய்ப் பார்த்தபோது அங்கே அலுவலக எழுத்தர் இடம் காலியாக இருந்தது. கணவரை ஒரு கட்டிலிலும் தன்னை ஒரு மேஜையிலும் ஒரே மாதத்தில் சேர்த்தாள்.

மேஜைக்கும் கட்டிலுக்கும் நடுவே இருபது தப்படி. பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் போய் அவர் பக்கத்தில் உட்காருவாள். அவருக்கு அவளை அடையாளம் தெரியாது. ஆனால் பயணி என்று தெரியும்.

"எங்கம்மா போகணும்?"

"உங்ககூடத்தான்."

"அப்படி ஒரு ஸ்டாப் இல்லீங்களே."

"அப்ப கடைசி ஸ்டாப் குடுங்க."

"சில்லறையா எடுத்து வெச்சுக்குங்க" என்று சொல்லி, இல்லாத டிக்கெட்டைக் கிழித்து அவள் உள்ளங்கையில் வைப்பார். விரல் நகத்தால் ஓரத்தை மடிப்பதுகூட உண்டு. அவள் அதைப் பத்திரமாக மடியில் வைத்துக்கொள்வது போலச் செய்வாள். பக்கத்துக் கட்டில்காரர், ஓய்வு பெற்ற தபால்காரர், "எனக்கு மட்டும் தர மாட்டேங்கிறான், பாஸ் காட்டச் சொல்றான்" என்று புகார் சொல்வார்.

மானியம் தொடர வேண்டுமானால் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு சான்று தர வேண்டும். முப்பத்தொரு வரி. ஒவ்வொரு வரியும் ஒரு சட்டம். ஊழியர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் தரப்படுகிறதா, தண்ணீர்த் தொட்டி சோதிக்கப்பட்டதா, மருந்து அலமாரி பூட்டப்பட்டிருக்கிறதா, பயனாளிகளில் ஊழியர்களின் உறவினர் உண்டா. எதிரில் ஆம், இல்லை. கீழே, 'மேற்கண்டவை யாவும் நான் நேரில் அறிந்தபடி உண்மை' என்று ஒரு வாசகம், கையெழுத்துக்கு ஒரு கோடு. உறவினர் பற்றிய வரியில் முதல் வருடமே அவள், ஆம், ஒருவர், எழுத்தரின் கணவர் என்று எழுதச் சொன்னாள். மானிய அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டார். "இத யாரும் எழுத மாட்டாங்களேம்மா. எழுதியிருக்கீங்கன்னா ஏதோ பெரிய தப்பு நடந்திருக்கும்னு நெனச்சுட்டேன்" என்று சிரித்தார். நல்ல மனிதர்தான்.

பதின்மூன்றாவது வரிதான் தகராறு. வெளியேறும் கதவுகள் எல்லா நேரத்திலும் சாவியின்றி உள்ளிருந்து திறக்கக்கூடியவையா? இல்லத்தின் பின்கதவில் ஒரு பூட்டு தொங்கியது. கதவைத் திறந்தால் சந்து, சந்து தாண்டினால் பெரிய சாலை. மேனேஜரிடம் இதற்கு ஒரு வழி இருந்தது.

"பத்து நிமிஷ வேலைக்கா. பூட்ட எடுத்து மேஜைமேல வெச்சுக்குவேன். நீங்க டிக் அடிங்க, நான் கையெழுத்து போடறேன், திரும்ப மாட்டிடலாம். ஒன்பது வருஷமா இதான் வழக்கம்."

"எல்லா நேரத்திலும்னு போட்டிருக்கே சார்."

"போட்டிருக்கும். நம்மகிட்ட இருபத்தேழு பேர். இருபத்தேழு பேரும் காலையில எழுந்தா வீட்டுக்குப் போகணும்னு நிக்கறாங்க. தொறந்து விட்டா நீங்களும் நானும்தான் மிச்சம். நானும் போனாலும் போயிடுவேன்."

அவள் சிரித்தாள். முதல் இரண்டு வருடம் ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கையெழுத்து அவருடையது, பொய்யும் அவருடையது. மூன்றாம் வருடம் படிவத்தோடு ஓர் இணைப்பு வந்தது. வேறெங்கோ இதே போன்ற ஓர் இல்லத்தில் தீப்பிடித்த கதை. பதினோரு பேர். எல்லோரும் பின்கதவுக்கு அருகே கிடந்தார்கள், பூட்டு வெளியே தொங்கியபடி இருந்தது. அந்த இல்லத்தின் சான்றிலும் பதின்மூன்றாவது வரிக்கு எதிரே ஆம் என்று இருந்தது.

அவள் அதை மேனேஜருக்கு வாசித்துக் காட்டினாள். அவர் கிண்டல் செய்யவில்லை. கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சரி. எடுத்துடலாம். ஆனா கையெழுத்து நீங்க போடுங்க. இவ்வளவு படிக்கிறவங்க போடறதுதான் நியாயம்."

நிர்வாகக் குழு கூடி அதற்கு அனுமதி கொடுத்தது.

அந்த வருடம் சான்றுக்கு நாலு நாள் எடுத்துக்கொண்டாள். ஸ்டூல் போட்டு ஏறித் தீயணைப்பானின் தேதியைப் பார்த்தாள். மருந்து அலமாரியை இழுத்துப் பார்த்தாள். தண்ணீர்த் தொட்டிக்கு ஏணி வைத்து ஏறினாள், கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த சமையல்காரர், "அக்கா, விழுந்தா அதுக்கு எந்த வரியில ஆம் போடணும்?" என்று கேட்டார். பின்கதவின் பூட்டைத் தன் கையால் கழற்றி, சாவியோடு சேர்த்துப் பழைய சாமான் போடும் அறையில் வைத்தாள்.

பதினான்காவது வரி, பயனாளிகள் வெளியேறக்கூடிய கதவுகள் எல்லா நேரத்திலும் ஊழியர் ஒருவரின் பார்வையில் உள்ளனவா என்று கேட்டது. அதற்காகப் பின்கதவருகே ஒரு நாற்காலி போட்டாள். நாலு ஆயாக்களுக்கும் முறை வைத்து ஒரு பட்டியல் தயாரித்தாள். இரவு ஆயா காலை ஆறு மணிவரை, பகல் ஆயா ஆறு மணியிலிருந்து. இருபத்துநாலு மணி நேரத்தில் ஒரு நிமிடம்கூட விட்டுப்போகவில்லை. பட்டியலைக் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். பிறகு பட்டியலின் ஒரு பிரதியைப் படிவத்தோடு வைத்து, கட்டங்களை இரண்டு முறை சரிபார்த்து, ஆம் என்று எழுதினாள்.

கையெழுத்துப் போட்ட நாற்பத்தொன்றாம் நாள், காலை ஆறு மணிக்குச் சற்று முன், அவள் கணவர் சட்டை மாட்டிக்கொண்டு அந்தக் கதவு வழியே வெளியே போனார்.

ஆறரைக்கு அவள் வீட்டுக்கு ஃபோன் வந்தது. ஏழேகாலுக்கு இன்னொரு ஃபோன். இரண்டாவது ஃபோன் மருத்துவமனையிலிருந்து வந்தது.

என்ன நடந்தது என்பதை மூன்றாம் நாள் அந்தப் பேருந்தின் நடத்துநரே வீட்டுக்கு வந்து சொன்னார். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை.

"பணிமனைக்கு முன்னாடி இருக்கற ஸ்டாப்லதாம்மா ஏறினார். நான் முன்னாடி டிக்கெட் குடுத்துட்டிருந்தேன். பின்படியில சத்தம். உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் இருக்கு பாருங்கன்னு. திரும்பிப் பாத்தா இவர் நிக்கறார். கூட்டம் உள்ள போகுது. நான் தெனமும் கத்தறேன், ஒருத்தரும் நகர மாட்டாங்க. அவர் சொன்னா நகர்றாங்க. ஒரு கர்ப்பிணிப் பொண்ணுக்கு எடம் வாங்கிக் குடுத்தார். எனக்குப் புரிஞ்சுபோச்சு, பழைய ஆள்னு. சிரிச்சுக்கிட்டே விட்டுட்டேன். மூணு ஸ்டாப் எனக்கு வேலையே இல்ல."

அவள் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டாள்.

"நாலாவது ஸ்டாப் ஒரு வளைவுல. வளைவுல ரெண்டு கையும் கம்பியில இருக்கணும். எங்களுக்கு மொத நாளே சொல்லிக் குடுப்பாங்க. அவர்... விசில் அடிக்கறதுக்கு விரல வாயில வெச்சார்மா. விசில் இல்லையே, கைல. அதான் விரல வெச்சார்."

"அடிச்சாரா?"

"அடிச்சார்மா. டிரைவர் வண்டிய எடுத்தார்."

பின்படியிலிருந்து விழுந்ததை அவர் கையால் மட்டும் காட்டினார். வாசலில் செருப்பை மாட்டும்போது அழுதார். அவள் அவர் தோளைத் தொட்டு, "அவர் சந்தோஷமா இருந்தாரா தம்பி?" என்று கேட்டாள். "டூட்டில இருந்தார்மா" என்றார் அவர். அது ஆம் என்பதா இல்லை என்பதா என்று அவள் யோசித்துக்கொண்டே இருந்தாள்.

அவள் நாத்தனார் பத்து நாள் கூட இருந்தாள். ஒரே அண்ணன் அவளுக்கு. வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்தாள், பாத்திரம் தேய்த்தாள், அண்ணியின் தலையை வாரிவிட்டாள். ஒன்பதாம் நாள், பக்கத்தில் யாரும் இல்லாதபோது கேட்டாள்.

"அண்ணி, நான் உங்கள குத்தம் சொல்லல. ஒண்ணு மட்டும் கேக்கறேன். அந்தக் கதவுல ஒன்பது வருஷம் பூட்டு இருந்துச்சு, இல்ல?"

"பன்னண்டு வருஷம். நான் வந்தப்புறமும் மூணு வருஷம்."

"அந்தப் பன்னண்டு வருஷத்துல ஒருத்தராவது வெளிய போனாங்களா?"

"இல்ல."

"அவ்வளவுதான் கேட்டேன். டீ ஆறிடும், குடிங்க."

நெருப்பைப் பற்றி அவள் சொல்லியிருக்கலாம். பதினோரு பேரைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். வராத நெருப்பை, போய்ச் சேர்ந்த மனிதருக்கு எதிரே எப்படி வைத்துக் காட்டுவது? டீயைக் குடித்தாள்.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். கதவைத் திறந்து மூடிப் பார்த்தார்கள். பட்டியலைப் படம் எடுத்துக்கொண்டார்கள். சான்றை வாங்கி, பதின்மூன்று, பதினான்கு இரண்டு வரிகளையும் விரல் வைத்துப் படித்தார்கள். இல்லம் எல்லா விதிகளுக்கும் உட்பட்டே நடந்திருக்கிறது, நடந்தது எதிர்பாராத விபத்து என்று எழுதிவிட்டுப் போனார்கள். நிர்வாகக் குழுத் தலைவர் அன்று மாலையே அவளைப் பார்க்க வந்தார். "சொல்லக் கூடாதுதான், இந்த நேரத்துல. ஆனா உங்க பேப்பர் ஒண்ணுதாம்மா நம்மளக் காப்பாத்துச்சு. வேற யாராவது போட்டிருந்தா இன்னிக்கு இல்லமே இருந்திருக்காது" என்றார். மனதார, கையைக் கூப்பிக்கொண்டுதான் சொன்னார்.

ஒரு மாதம் கழித்து அவள் மறுபடி மேஜைக்கு வந்தாள். பத்து மணிக்கு எழுந்து இருபது தப்படி நடந்து, அந்தக் கட்டிலில் இப்போது வேறொருவர் படுத்திருப்பதைப் பார்த்துத் திரும்புவாள். மூன்று மணிக்கும் கால் தானாக எழுந்துகொள்ளும்.

இரண்டாவது வாரம் இரவு ஆயா, முறை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், அவள் வரும்வரை அலுவலக அறை வாசலில் காத்திருந்தாள். உள்ளே வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எழுந்து நாற்காலில உக்காருங்க."

"வேணாங்க்கா. நான் சொல்லிடறேன். அன்னிக்கு நான் கதவுகிட்ட இல்ல. வெந்நீர் வெக்கப் போயிருந்தேன்."

அவள் கைப்பையை மேஜைமேல் வைத்தாள்.

"அஞ்சே முக்காலுக்குப் போனாத்தான் ஆறரைக்கு எல்லாரையும் குளிப்பாட்ட முடியும். பகல் ஆயாவுக்கு மொத பஸ்ஸே ஆறு மணிக்குத்தான் இங்க வரும். எறங்கி நடந்து வர ஆறு அஞ்சு, ஆறு பத்து ஆகும்."

"அன்னிக்கு மட்டுமா?"

ஆயா நிமிர்ந்து பார்த்தாள். கேள்வி அவளுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

"தெனமும்தாங்க்கா. எப்பவும் அப்படித்தான். எல்லாருக்கும் தெரியுமே."

"பட்டியல்ல ஆறு மணின்னு இருக்கு."

"பட்டியல் நீங்க போட்டது. நீங்க சொல்ற மாதிரி கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டோம். நீங்க ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

அவள் எழுந்து போய் ஆயாவைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். "நீங்க வெந்நீர் வெக்கத்தானே போனீங்க" என்று மட்டும் சொன்னாள்.

பிறகு கோப்பை எடுத்துச் சான்றைப் பார்த்தாள். நான் நேரில் அறிந்தபடி உண்மை. தொட்டிக்கு ஏணி வைத்து ஏறியவள், ஒரு நாள்கூட ஆறு மணிக்கு அந்தக் கதவருகே வந்து நின்று பார்க்கவில்லை. நடந்து வந்தால் வீட்டிலிருந்து பன்னிரண்டு நிமிடம். பூட்டை எடுத்தது அவளை அந்த அளவுக்கு அறுக்கவில்லை, அதற்கு ஒரு காரணம் இருந்தது. இந்த இருபது நிமிடத்துக்கு எந்தக் காரணமும் இல்லை. தாளில் இருந்ததும் தரையில் இருந்ததும் வேறு வேறாக இருந்தன, அந்த இடைவெளியில்தான் அவர் வெளியே நடந்து போயிருக்கிறார். மேனேஜர் அத்தனை வருடமும் பொய் என்று தெரிந்து பொய் எழுதினார். தெரிந்ததால் பூட்டைத் திரும்ப மாட்டவும் செய்தார்.

மானிய அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். பதினான்காவது வரிக்கு நான் தந்த பதில் உண்மையல்ல. தினமும் காலை சுமார் இருபது நிமிடம் அந்தக் கதவு யார் பார்வையிலும் இல்லை. நான் பட்டியலைப் பார்த்தேன், கதவைப் பார்க்கவில்லை. இதற்கு நான் மட்டுமே பொறுப்பு. ஆயாவின் பெயர் கடிதத்தில் இல்லை, கணவரைப் பற்றியும் ஒரு சொல் இல்லை.

மேனேஜர் அதைப் படித்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, பொய்ச் சான்றுன்னா மானியத்த நிறுத்துவாங்க. உங்கமேல கேஸ்கூட வரும். அத விடுங்க, அது உங்க இஷ்டம். உள்ள இருபத்தேழு பேர் இருக்காங்க. எங்க கொண்டுபோய் விடறது? தபால்காரர யார் வீட்டுத் திண்ணையில சாத்தி வெக்கறது?"

"தெரியல சார்."

"தெரியாமயே அனுப்பப் போறீங்களா?"

அவள் அன்று அனுப்பவில்லை. நாலு நாள் கடிதம் கைப்பையில் இருந்தது. நாலு நாளும் கூடத்தில் சாப்பாட்டு நேரத்தில் போய் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தபால்காரர் அவளிடம், "பையில என்ன, எனக்கு லெட்டரா?" என்று கேட்டார். ஐந்தாம் நாள் பதிவுத் தபாலில் அனுப்பினாள். அது சரியா என்று என்னால் சொல்ல முடியவில்லை. இருபத்தேழு பேரை வைத்து ஒரு தராசில் நிறுத்தால் ஒருவேளை சரியில்லை. ஆனால் அவளிடம் இருந்தது ஒரே ஒரு பொருள், தன் கையெழுத்து. அதில்தான் அவர் இறந்துகிடந்தார்.

ஆறு வாரம் பதில் இல்லை. அவள் வீட்டில் துணிகளை ஒரு பெட்டியில் எடுத்து வைத்தாள், கேஸ் என்று கூப்பிட்டால் போக. மேனேஜர் வேறு மூன்று இல்லங்களுக்கு இடம் கேட்டு எழுதினார். யாரும் பதில் போடவில்லை. பின்கதவுக்கு ஒரு மணி வாங்கிப் பொருத்தினார்கள், காற்றடித்தாலும் அடிக்கும் மணி. ஆயாக்கள் முறை மாறும் நேரத்தை ஆறேகாலுக்குத் தள்ளி, வெந்நீர் வேலையைச் சமையல்காரருக்குக் கொடுத்தார்கள். எல்லாம் ஒரே வாரத்தில் முடிந்துவிட்டது. எவ்வளவு சுலபமாக முடிகிறது என்று பார்த்துக்கொண்டு அவள் தன் மேஜையில் இருந்தாள்.

பதில் மூன்று வரியில் வந்தது. சான்றில் திருத்தம் கோருவதற்கான காலம் கையெழுத்திட்ட நாளிலிருந்து முப்பது நாள். அது கடந்துவிட்டபடியால் தங்கள் கடிதம் பரிசீலனைக்கு உரியதல்ல. நடப்பு ஆண்டுக்கான மானியம் வழக்கம்போல் விடுவிக்கப்படுகிறது.

மேனேஜர் படித்துவிட்டு மேஜையைத் தட்டி, "பாத்தீங்களா, நம்மளவிட சோம்பேறிங்க அங்க இருக்காங்க!" என்று சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அவள் பதிலை மேலிருந்து கீழ்வரை இன்னொரு முறை படித்தாள். தொலைபேசியை எடுத்து அலுவலகத்துக்குப் பேசினாள். முன்பு உறவினர் வரியைப் பார்த்துச் சிரித்த அதே அதிகாரிதான் எடுத்தார்.

"சார், நான் எழுதினது உண்மையில்லன்னு சொல்றேன். நானேதான் சொல்றேன்."

"புரியுதும்மா. ஃபைல பாத்தேன். ஆனா தேதி தாண்டிருச்சே."

"நாப்பத்தொண்ணாவது நாள்தான் சார் நடந்துச்சு. முப்பது நாளுக்குள்ள எனக்கு எப்படித் தெரியும்?"

"விதி அப்படிம்மா."

"அப்ப உங்க ரெக்கார்டுல என்ன இருக்கும்?"

"நீங்க குடுத்த பதில்தான் இருக்கும்."

"அந்தக் கதவுகிட்ட எல்லா நேரமும் ஆள் இருந்தாங்கன்னு."

"ஆமாம்மா."

"ஆள் இருந்தா, எங்க வீட்டுக்காரர் எப்படி சார் வெளிய போனார்?"

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. தேடுகிறார் போலிருந்தது. அவளும் காத்திருந்தாள், தேடினால் ஏதாவது ஒரு வரி அகப்படும் என்பது போல. சத்தம் நின்றது. அவள் ஃபோனை வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை.